ஹைபிரிட் பேட்டரி ஃபேனை எப்படிச் சோதிப்பது: காரிலேயேவா, நேர் 12 வோல்ட்டிலா, மேசையிலா?

ஹைபிரிட் காரின் பின் சீட்டைக் கழற்றி, பக்கத்துப் பிளாஸ்டிக் மூடிகளையெல்லாம் எடுத்து வைத்து, பெரிய பேட்டரிக்குக் காற்று கொடுக்கும் அந்த ஃபேனைக் கையில் எடுத்தாயிற்று. விரலால் தள்ளினால் சுற்றுகிறது. அடுத்து என்ன? ஒரு 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாமா? பவர் சப்ளை, சிக்னல், மீட்டர் என்று மேசையில் முழு ஏற்பாடு செய்து ஓட்டிப் பார்க்க வேண்டுமா? இல்லை, கழற்றாமல் ஸ்கேனரை (காரின் கணினியோடு பேசிக் கோளாறைப் படிக்கும் கருவியை) வைத்துக் காரிலேயே முடித்திருக்கலாமா?

மூன்று வழியிலும் நான் சோதித்திருக்கிறேன். ஒரே சோதனையைச் சுலபமாகவோ விரிவாகவோ செய்யும் வழிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. ஃபேன் சுற்றுகிறதா என்பது ஒரு கேள்வி. சொன்ன வேகத்தில் சுற்றி, அந்த வேகத்தைக் காருக்குத் திருப்பிச் சொல்கிறதா என்பது இன்னொன்று. போதுமான காற்றைத் தள்ளுகிறதா என்பது மூன்றாவது. பேட்டரியின் ஆயுள் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் நாம் சோதிப்பதோ முதலாவதை மட்டும்.

டொயோட்டா ப்ரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 6 செல்கள், மொத்தம் 201.6 வோல்ட். எல்லாம் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றிலும் ஓடுகிறது. சூடு மட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரத்தில் இருப்பவை வெப்பத்தைப் பக்கவாட்டில் விட்டுவிடும். நடுவில் இருப்பவை அண்டை மாட்யூல்களின் சூட்டுக்கு இடையில் மாட்டிக்கொண்டிருக்கும். காற்று குறைந்தால் முதலில் கெடுவது அவைதான். தொடரில் ஒன்று தளர்ந்தால் மொத்தப் பேட்டரியும் அதன் அளவுக்கே வேலை செய்யும். இந்த ஃபேன் காற்றை எடுப்பது ஆட்கள் உட்காரும் அறையிலிருந்து என்பதால் துணி இழை, தலைமுடி, நாய் வளர்ப்பவர் கார் என்றால் நாய் முடி, எல்லாம் இறக்கையில் வந்து ஒட்டுகின்றன. ஆகவே ஃபேனை அரைகுறையாகச் சோதித்து "சரியாக இருக்கிறது" என்று மாட்டிவிடுவது, பேட்டரியை மெதுவாகச் சாகவிடுவதற்குச் சமம்.

காரிலேயே, ஸ்கேனரில்

கழற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். செய்யாமல் கழற்றியிருந்தால் ஒரு நல்ல வாய்ப்பை இழந்தீர்கள் என்றுதான் சொல்வேன். ஹைபிரிட் அமைப்போடு பேசத் தெரிந்த ஸ்கேனரில் 'ஆக்டிவ் டெஸ்ட்' என்று ஒரு வசதி இருக்கும். அதில் பேட்டரி ஃபேனை நாமே படிப்படியாக வேகம் கூட்டி ஓட்டலாம். பல டொயோட்டா கார்களில் 0 முதல் 6 வரை படிகள்.

இதன் பெரிய பலம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போதே சோதிப்பது. ஃபியூஸ், ரிலே, வயரிங், கனெக்டர், இ.சி.யூ. எனும் கட்டுப்பாட்டுக் கணினியின் கட்டளை, காற்றுக் குழாய் எல்லாமே அந்தச் சோதனைக்குள் வந்துவிடுகின்றன. மேசையில் இவற்றில் எதுவும் வராது. கோளாறுக் குறியீடும் இங்கே வழி காட்டும். பி0ஏ81, பி0ஏ84, பி0ஏ85 போன்றவை ஃபேனின் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பற்றியவை: அறுந்த கம்பி, குறைந்த மின்னழுத்தம், அதிக மின்னழுத்தம். பி0ஏ82 என்றால் ஃபேன் சொன்னபடி ஓடவில்லை என்று பொருள். முதல் வகை வந்தால் ஃபேனைத் தொடும் முன் கனெக்டரைப் பாருங்கள்.

கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. பச்சை பூத்த ஒரு முனையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட்டைக் காட்டும். 21 வாட் பல்பு ஒன்றை அங்கே இணைத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் கோளாறு வயரிங்கில், ஃபேன்மேல் பழியில்லை.

ஸ்கேனரால் முடியாததும் உண்டு. அது ஃபேனின் வேகத்தையோ மின்னழுத்தத்தையோதான் பார்க்கிறது, காற்றைப் பார்ப்பதில்லை. இறக்கை முழுக்க அழுக்கு அப்பிய ஃபேன், 6-ஆம் படியில் இரைந்து சுற்றும், ஸ்கேனரும் ஏற்றுக்கொள்ளும், காற்று மட்டும் பாதி வரும். காற்று உள்ளே இழுக்கும் வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பார்க்கலாம். காகிதம் ஒட்டிக்கொண்டால் ஏதோ காற்று வருகிறது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

நேராக 12 வோல்ட்டில்

இரண்டு நிமிட வேலை. கார் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி, சுற்றுகிறதா பார், முடிந்தது. ஃபேனில் இரண்டே கம்பி இருந்தால், அதாவது உள்ளே கார்பன் பிரஷ் உள்ள சாதாரண மோட்டார் என்றால், இதற்குப் பயன் உண்டு. செத்த மோட்டார் செத்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் உயிரோடு இருக்கும் மோட்டார் நல்ல மோட்டார் என்று இது சொல்லாது. முழு 12 வோல்ட்டின் வேகத்தில், தேய்ந்த பிரஷ்ஷும் கருகிய கம்யூட்டேட்டர் துண்டும் (பிரஷ் உரசிச் செல்லும் செம்பு வளையத்தின் ஒரு துண்டு) மறைந்துகொள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் கெட்ட இடத்தைத் தன் வேகத்திலேயே தாண்டிப் போய்விடும். காரிலோ ஃபேன் பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் கிளம்பும். கெட்ட துண்டின்மேல் பிரஷ் நின்றிருந்தால் கிளம்பாது. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது என்று வரும் பல குறைகளுக்கு இதுதான் காரணம்.

மூன்று அல்லது நான்கு கம்பிகள் உள்ள பிரஷ் இல்லாத ஃபேனுக்கு இந்த வழி போதவே போதாது. அதில் ஒரு கம்பி மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று வேகக் கட்டளை. நான்காவது இருந்தால் அது பெரும்பாலும் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி. மின்சாரமும் எர்த்தும் மட்டும் கொடுத்தால், கட்டளை இல்லை என்று சும்மா நிற்கும் ஃபேன்களும் உண்டு, கட்டளை அறுந்ததாக எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடுபவையும் உண்டு. முதல் வகையைக் கெட்டது என்று தூக்கி எறிவார்கள், இரண்டாம் வகையை நல்லது என்று மாட்டுவார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது. பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய ஃபேன் நேர் 12 வோல்ட்டில் பிரமாதமாகச் சுற்றியது. சீட்டு, மூடி எல்லாம் திரும்ப மாட்டி முடித்து, ஒரு வாரத்தில் அதே பி0ஏ82. வேகம் சொல்லும் கம்பியில் சிக்னலே வரவில்லை. மறுபடி அரை நாள் வேலை.

எந்த வகை ஃபேன் ஆனாலும் பேட்டரியில் கொடுக்கும்போது இடையில் ஃபியூஸ் கட்டாயம். காரில் அந்தச் சுற்றுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதோ அதே அளவு போதும். கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பிரஷ் இல்லாத ஃபேனுக்கு ப்ளஸ், மைனஸ் மாறினால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை நொடியில் போய்விடக்கூடும். கம்பி நிறத்தை வைத்து ஊகிக்காமல், வயரிங் படத்தைப் பார்த்தபின் இணையுங்கள்.

மேசையில், முழு ஏற்பாட்டோடு

எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். நேரம் பிடிக்கும். ஆனால் மற்ற இரண்டு வழிகளும் தொடாத மூன்றாவது கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது.

முதலில் மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மின்னழுத்தத்தையும் மின்னோட்ட வரம்பையும் மாற்றக்கூடிய பவர் சப்ளை இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, அது போதிய ஆம்பியர் கொடுக்கும் என்றால். 3 ஆம்பியர் கொடுக்கும் சிறிய சப்ளையில் இந்த ஃபேனை இணைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கிறது. அது அரை ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் அந்தக் கணம் 24 ஆம்பியர் கேட்கும். சப்ளை மூச்சடைத்து மின்னழுத்தத்தைக் கீழே விடும், ஃபேனின் பலகை அணைந்து மறுபடி விழிக்கும், ஃபேன் துடித்துத் துடித்து நிற்கும். பார்ப்பவருக்கு அது ஃபேனின் கோளாறாகவே தெரியும். பழைய கணினியின் பவர் சப்ளையிலும் இதே சிக்கல். கூடவே 12 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவும் முடியாது. கார் ஓடும்போது ஃபேனுக்குக் கிடைப்பது 14 வோல்ட்டை ஒட்டிய அளவு. மேசையிலும் 13.5 முதல் 14 வரை கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

பெரிய சப்ளை இல்லாதவருக்கு நான் சொல்வது: முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் கார் பேட்டரி, அதோடு சார்ஜர், இடையில் ஃபியூஸ், தடிமனான குட்டையான கம்பிகள். கம்பி மெல்லியதாக இருந்து அதன் மின்தடை 0.1 ஓம் ஆனால், 8 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். மின்னழுத்தத்தை எப்போதும் ஃபேனின் முனையில் வைத்து அளவெடுங்கள். சப்ளையின் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

அப்புறம் கட்டளை. இரண்டு கம்பி ஃபேனுக்கு இது எளிது: மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். 3 வோல்ட்டிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றி, எந்த மின்னழுத்தத்தில் கிளம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தி, இறக்கையை விரலால் சிறிது திருப்பி வைத்து மறுபடி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் கிளம்பினால் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் நலம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிளம்ப மறுத்தால் நேர் 12 வோல்ட் மறைத்த குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மூன்று, நான்கு கம்பி ஃபேனுக்குத் துடிப்பு சிக்னல் வேண்டும், அதாவது பி.டபிள்யூ.எம்.: வேகமாக ஆன், ஆஃப் ஆகும் சிக்னல். அதில் ஆனாக இருக்கும் நேரத்தின் சதவீதம்தான் (டியூட்டி) வேகக் கட்டளை. தயாராகக் கிடைக்கும் சிறிய சிக்னல் பலகை, ஆர்டுயினோ எனும் நிரல் எழுதக்கூடிய சிறு பலகை, ஆய்வகச் சிக்னல் ஜெனரேட்டர் மூன்றுமே ஆகும். நான் ஆர்டுயினோவைத்தான் எடுப்பேன், அதே பலகை வேகச் சிக்னலையும் எண்ணிச் சொல்லும் என்பதால். ஆர்டுயினோ ஊனோ வழக்கமாகத் தருவது 490 ஹெர்ட்ஸ், இரண்டு முனைகளில் மட்டும் 980. உங்கள் கார் எந்த ஹெர்ட்ஸில் கட்டளை தருகிறது என்று கழற்றும் முன்பே அளந்து வைத்திருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஹெர்ட்ஸும் டியூட்டியும் காட்டும் மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

இங்கே ஒரு ஆபத்து. கட்டளைக் கம்பி பல ஃபேன்களில் உள்ளேயிருந்தே மேலே இழுக்கப்பட்டிருக்கும், இ.சி.யூ. அதைக் கீழே இழுத்து இழுத்து விடும். அப்படிப்பட்ட கம்பியில் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராகச் செருகினால், உள்ளே 12 வோல்ட் இருக்கும் பட்சத்தில் ஆர்டுயினோ போய்விடும். ஃபேனுக்கு மின்சாரம் கொடுத்து, கட்டளைக் கம்பியை எதிலும் இணைக்காமல் அதில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வோல்ட் இருந்தால் இடையில் ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டு, அதைக் கொண்டு கீழே இழுங்கள். டிரான்சிஸ்டர் சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 80 சதவீதம் கொடுத்தும் ஃபேன் ஊர்ந்தால், அது கெட்டுவிட்டது என்று எழுதும் முன் 20 கொடுத்துப் பாருங்கள். சிக்னல் பலகையின் எர்த்தும் ஃபேனின் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து இந்த வகை ஃபேனின் மின்சாரத்தையே நறுக்கிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேகம் சொல்லும் கம்பி பெரும்பாலும் எர்த்துக்கு இழுக்க மட்டும் தெரிந்தது. தானாக வோல்ட் எதையும் தராது. சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை வைத்து அதை 5 வோல்ட்டுக்கு இழுத்தால்தான் துடிப்பு தெரியும். ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு என்றால், 100 ஹெர்ட்ஸ் என்பது நிமிடத்துக்கு 3000 சுற்று. ஒரு சுற்றுக்கு எத்தனை என்று தெரியாவிட்டால், இறக்கையில் ஒளிரும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி ஒளி டாக்கோமீட்டரால் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். கட்டளையைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி வேகத்தைக் குறித்தால், படி ஏற ஏற வேகமும் சீராக ஏற வேண்டும். எனக்கு அரை நாளை இழக்கவைத்த குறை இந்தச் சோதனையில் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இனி காற்று. இந்த ஃபேன்கள் பெரும்பாலும் அணில் கூண்டுச் சக்கரம் போன்றவை, சிறு இறக்கைகள் வரிசையாக வட்டத்தில் நிற்கும். காற்றை அதிகம் தள்ளும்போதுதான் இந்த வகைச் சக்கரத்துக்கு வேலை அதிகம். காற்று வாயை மூடினால் தள்ளக் காற்றில்லை, சுமை குறைகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. மின்னழுத்தம் மாறாமல் இருந்தால் வேகம் சற்றே ஏறும். வேக்குவம் கிளீனரின் குழாய் வாயைக் கையால் அடைத்தால் சத்தம் உச்சத்துக்குப் போவதைக் கேட்டிருப்பீர்கள். அதேதான்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஒரே கட்டளையில் ஃபேனை ஓடவிட்டு, வாய் திறந்திருக்கும்போது மின்னோட்டத்தைக் குறியுங்கள். பிறகு ஓர் அட்டையால் உள்ளிழுக்கும் வாயைச் சில நொடி மட்டும் மூடிக் குறியுங்கள். நீண்ட நேரம் மூட வேண்டாம், மோட்டார் குளிர்வதும் அதே காற்றில்தான். நல்ல ஃபேனில் இரண்டு எண்ணுக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்கும். இறக்கைக் குழிகளை அழுக்கு நிரப்பியிருந்தால், திறந்திருக்கும்போதே மின்னோட்டம் குறைவு, மூடினாலும் பெரிதாக மாறாது. இந்த ஃபேனைத்தான் ஸ்கேனர் நல்லது என்கிறது, நேர் 12 வோல்ட்டும் நல்லது என்கிறது. குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து "சுலபமாகச் சுற்றுகிறது" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடி, வேகம் குறைந்திருந்தால் அது வேறு கதை: அச்சில் முடி சுற்றியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

இதே அளவுகளைச் சுத்தம் செய்தபின் மறுபடி எடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்க வேண்டும். காற்றுப் பீச்சி அடிப்பதானால் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தானாகச் சுற்றவிட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பலகைக்குள் மின்சாரத்தை அனுப்பும், பேரிங்கும் தாங்காது. விளிம்பில் சிறு உலோகக் கவ்வி இருந்தால் அது சமநிலைக்காக வைத்தது, எடுத்துவிடாதீர்கள். கையால் சுற்றும்போது விட்டு விட்டுப் பிடிப்பதுபோல் தோன்றினால் அது காந்தத்தின் இழுப்பு. பேரிங் கெட்டால் அப்படி இருக்காது, மணல் அரைபடுவதுபோல் இருக்கும்.

கடைசியாக அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, கனெக்டர் கம்பிகளை ஆட்டிப் பாருங்கள். சூடேறியபின் மட்டும் வரும் குறைகள் அப்போது வெளியே வரும்.

எப்போது எது

கோளாறு விளக்கு எரிந்து, ஃபேன் இன்னும் காரில் இருந்தால்: ஸ்கேனர், பிறகு பல்பு. இதில் சந்தேகமே வேண்டாம். கணிசமான குறைகள் அங்கேயே முடிந்து, ஃபேனைக் கழற்றவே தேவை இருக்காது.

பேட்டரி வெப்பம் ஏறுகிறது, குறியீடு எதுவும் இல்லை என்றால் ஸ்கேனரோடு நிற்காதீர்கள். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், முன்னும் பின்னும் மேசையில் மின்னோட்டம் எடுங்கள். பழைய ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டப்போகிறீர்கள் என்றால் மேசைச் சோதனை இல்லாமல் அது காருக்குள் போகவே கூடாது. நேர் 12 வோல்ட்டுக்கு நான் விட்டுவைக்கும் ஒரே இடம், இரண்டு கம்பி ஃபேன் செத்துவிட்டதா என்று உறுதி செய்வது. புது ஃபேனைச் சோதிக்காமலே மாட்டுவதில் பெரிய தவறில்லை, ஆனால் பழையதுதான் கெட்டது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வயரிங் கெட்டிருந்தால் புதியதும் ஓடாது.

கழற்றும் வேலையில் ஒன்றை மறக்க வேண்டாம். ஃபேன் 12 வோல்ட் பாகம்தான், ஆனால் அது ஒட்டிக்கொண்டிருப்பது உயிரைக் குடிக்கக்கூடிய மின்னழுத்தத்தின் பக்கத்தில். காரை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, 1000 வோல்ட் வரை தாங்கும் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பிளக்கை உருவியபின்னும் மாட்யூல்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளையும் பேட்டரிப் பெட்டியின் மூடியையும் தொட வேண்டியதில்லை.

திரும்ப மாட்டும்போது காற்றுக் குழாய் ஃபேனின் வாயோடு சேரும் இடத்தில் உள்ள நுரை விளிம்பைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ குழாய் சரியாக அமரவில்லை என்றாலோ அங்கே காற்று கசிந்து, பேட்டரிக்குப் போதுமான காற்று போகாது. பின் சீட்டைப் போடும் முன் சர்வீஸ் பிளக்கை முறையாகப் பூட்டி, 12 வோல்ட்டை இணைத்து, ஸ்கேனரில் எல்லாப் படிகளையும் ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது மின்சாரக் கம்பியில் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மேசையில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குழாயும் பேட்டரியின் இடைவெளிகளும் காற்றைத் தடுப்பதால் காரில் அது சற்றுக் குறைவாக இருக்கும். மேசையில் வாயை அட்டையால் மூடியபோது வந்த எண்ணுக்கு அருகில் இறங்கியிருந்தால், சீட்டைப் போடாமல் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.